இரண்டு பெயருக்கு இடம்

பிப்ரவரி 6

அன்புத் தங்கைக்கு,

நீ, உன் வீட்டுக்காரர், உன் மகள் வாலு மூன்று பேரும் சுகமாக இருக்கிறீர்களா? முகாம் அறையில் தண்ணீர் ஒழுகியதே, சரி செய்தார்களா? எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. அதுவும் பழகிய விருந்தாளி மாதிரி, சொல்லாமல் வரும், சொல்லாமல் போகும். போனில் பேசினால் உன் பின்னால் பத்துப் பேர் காது கொடுத்து நிற்கிறார்கள் என்கிறாய். அதனால் எழுத்தே நமக்கு நல்லது.

முதலில் உங்கள் விஷயம். உங்களை இங்கே வரவழைக்க நான் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படிவம் கோடைக்குள் வந்துவிடும் என்கிறார்கள். அதற்காகவே இரண்டு அறை வீட்டுக்கு மாறிவிட்டேன். வாலுவுக்கு ஜன்னல் பக்கம்.

வேலை அப்படியேதான். அடைக்கலம் கேட்டு வந்து, முடிவு தெரியாமல் காத்திருக்கிறவர்களுக்கு இந்த ஊரில் ஒரு ஆளையாவது தெரிந்தவராக்கி விடுவது என் பொறுப்பு. போன வாரம் தையல் தெரிந்த ஒருத்தியை எதிர்த்தெருத் தையல்கடை அம்மாவோடு சேர்த்துவிட்டேன். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. ஊசியில் நூல் கோப்பதில் போட்டி போட்டே சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள்.

நேற்று என் மேசைக்கு ஒருவன் வந்தான். படிவத்தை நீட்டும்போது கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு தாளைப் புரட்டினான். நிமிர்ந்து பார்த்தேன். சீல்காரன்.

ஆமாம், நம் ரேஷன் கடை சீல்காரனேதான். அவன் முத்திரை குத்திய தாளைப் பார்த்துத்தான் வேனில் வந்தவர்கள் என்னவர் பெயரை வாசித்தார்கள். பதினாலு வருஷம் ஆகிறது. கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கட்டிய வயர்மேன், வேறு என்ன செய்தார் அவர்? உடம்பைக்கூடத் தரவில்லையே.

அவனுக்கு என்னைத் தெரியவில்லை. எத்தனை வருஷம் அவன் வரிசையில் நின்றிருப்பேன்! அட்டையைத்தான் பார்ப்பான், முகத்தைப் பார்த்ததே இல்லை. "உங்களை நம்பித்தான் அம்மா இருக்கேன்" என்று கும்பிட்டான். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அவனை என்ன செய்யலாம், சொல். உடனே எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 28

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் ஏதோ இருக்கிறோம். பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. வாலுவுக்கு ஜலதோஷம், எனக்குச் சமையற்கூடத்தில் முறை, அப்படியே நாள் ஓடிவிட்டது.

அந்த ஆளோடு நீ பேச்சு வைத்துக்கொள்ளாதே. பழசைக் கிளறினால் உன் உடம்புதான் கெடும். வேறு யாரிடமாவது அவனைத் தள்ளிவிடு. இல்லையென்றால் அந்த ஊரைவிட்டே அனுப்ப வழியிருந்தால் பார்.

அவன் உன்னிடம் ஏதாவது சொன்னானா?

படிவம் வந்ததும் எழுது. வாலு பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

தங்கை


மார்ச் 12

அன்புத் தங்கைக்கு,

வாலுவின் ஜலதோஷம் இறங்கியதா? வெந்நீர் கொடு, தலையை நனைக்க விடாதே.

அவனை யாரிடமும் தள்ளப் போவதில்லை. அவன் என் மேசையிலேயே இருக்கட்டும். நான் என்ன செய்கிறேன் தெரியுமா? ஒன்றுமே செய்யவில்லை. அவன் படிவம் கட்டின் அடியில் இருக்கிறது. புதிதாக யார் வந்தாலும் மேலே வைக்கிறேன். ஐந்து வாரத்தில் பதினேழு பேருக்கு ஆள் சேர்த்துவிட்டேன். அவனுக்கு இல்லை.

தினமும் ஒன்பது மணிக்கு வருவான். தலை வாரி, சட்டையை மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு கதவோர நாற்காலியில் உட்காருவான். மற்றவர்களை யாராவது வந்து அழைத்துப் போவார்கள். நடக்க, தோட்ட வேலைக்கு, பந்தாட. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் இவன் பாதி எழுந்திருப்பான், மறுபடி உட்காருவான். அதை எண்ணுவது எனக்கு ஒரு வேலையாகிவிட்டது.

"அம்மா, எனக்கு யாரும் அமையலையா?"

"தேடிட்டுத்தான் இருக்கேன் ஐயா. பொறுமையா இருங்க."

"நான் ஒண்ணும் பெரிசாக் கேக்கல. கூட உட்கார்ந்து பேச ஒரு ஆளு. பேசாட்டியும் பரவாயில்ல."

இங்கே பூட்டுக்காரர் என்று ஒரு உள்ளூர்ப் பெரியவர். பூட்டு, சாவி வேலையில் ஓய்வு பெற்றவர், வாய் ஓயாதவர். சனிக்கிழமைதோறும் எங்கள் கூடத்தில் பழுது மேசை போடுவார். உடைந்த சாமான் எதைக் கொண்டுவந்தாலும் சரி செய்து கொடுப்பார். கணக்கு வழக்காகச் சீட்டு எழுதுகிற துணை வேண்டும், பெயரும் எண்ணும் பார்த்து எழுதினால் போதும் என்று என்னிடம் கேட்டார். சீல்காரனுக்கென்றே செய்த வேலை! நான் ஒரு கொத்தனாரை அனுப்பினேன். பாவம், அவருக்குப் பேனா பிடிக்க வராது.

ஆகஸ்ட் மாதம் இவனுக்கு விசாரணை. 'இந்த மனிதரை எங்களுக்குத் தெரியும்' என்று உள்ளூர்க்காரர்கள் நாலு பேர் எழுதிக் கொடுத்தால் நிலைக்கலாம். ஒருவரும் எழுதாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ஒருவரும் எழுத மாட்டார்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


மார்ச் 20

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது, இன்றே எழுதுகிறேன். வாலு தேறிவிட்டாள், எனக்கும் இப்போதுதான் சோறு இறங்குகிறது.

நீ செய்வது ரொம்பச் சரி. அவனுக்கு நன்றாக வேண்டும். அத்தானை நினைக்காத நாள் எனக்கு இல்லை. அவனை விடாதே அக்கா. விசாரணையில் அவனுக்காக மொழிபெயர்க்க மட்டும் போகாதே. தனியாகவும் அவனோடு உட்காராதே. அவன் வாயைத் திறந்தால் பொய்தான் வரும். தன் தலை தப்பிக்க யார் மேல் வேண்டுமானாலும் பழி போடுவான். அவன் சொல்லுகிற எதையும் நீ காதில் போட்டுக்கொள்ளக் கூடாது, எனக்குச் சத்தியம் செய்.

என் வீட்டுக்காரர் உனக்கு இரண்டு வரி எழுத வேண்டும் என்று தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கை நடுக்கம் ஜாஸ்தியாக இருக்கிறது, நானே எழுதிக்கொள்கிறேன் என்று வாங்கி வைத்துவிட்டேன். அவருடைய விசாரிப்பையும் சேர்த்துக்கொள்.

உன் தங்கை


ஏப்ரல் 24

அன்புத் தங்கைக்கு,

உன் வீட்டுக்காரர் கை நடுக்கத்துக்கு மருந்து தருகிறார்களா? முகாம் டாக்டரை விடாமல் கேள். என் முழங்கால் இந்த வாரம் மரியாதையாக நடந்துகொள்கிறது.

நான் ஆள் சேர்க்காவிட்டால் என்ன, அவனே போய்ச் சேர்ந்துகொண்டான். ஒரு சனிக்கிழமை கொத்தனார் தவிப்பதைப் பார்த்துப் பேனாவை வாங்கி எழுத ஆரம்பித்துவிட்டான். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பூட்டுக்காரர் அவனுக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறார். "எழுத்தைப் பாருங்க, அச்சடிச்ச மாதிரி! இவரை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று என்னையே கேட்கிறார். சீல்காரன் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பூட்டுக்காரரை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "இவர் எழுதிக் கொடுத்த தாளால எங்க ஊர்ல ஆளுங்க காணாமப் போனாங்க. ஒருத்தரும் திரும்பி வரல."

அடுத்த சனிக்கிழமை அந்த நாற்காலியில் சாமான் பெட்டி உட்கார்ந்திருந்தது. சீல்காரன் வந்தான், பெட்டியைப் பார்த்தான். யாரும் நிமிரவில்லை. பேனா எதுவும் கீழே விழுந்திருக்கிறதா என்று தேடுகிற மாதிரி கொஞ்சநேரம் தரையைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான். பேச்சு ஊருக்குள் பரவிவிட்டது. இப்போது ரொட்டிக்கடையில்கூட அவனுக்கு அருகே யாரும் நிற்பதில்லை.

பொய் ஒரு வார்த்தை சொல்லவில்லை நான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

ஒரே ஒரு குறை. யார் தனக்கு இப்படிச் செய்தது என்று தெரியாமல் அவன் போகக் கூடாது. விசாரணைக்கு முன்னால் சொல்லிவிடுவேன்.

அக்கா


ஜூன் 3

தங்கைக்கு,

நலம் விசாரிக்க இன்று மனசில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த வருஷம் உன் வீட்டுக்காரரையும்தானே பிடித்துப் போனார்கள், நாலு நாள் வைத்திருந்து விட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்தது எந்தக் கிழமை? என்னவரைக் கொண்டுபோனது வியாழக்கிழமை.

பதில் மட்டும் எழுது.

அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

எல்லாரும் நலம். உன் கடிதம் ரொம்பச் சின்னதாக இருந்தது, உடம்புக்கு ஏதோ என்று பயந்துவிட்டேன். இங்கே வெயில் கொளுத்துகிறது. வாலு பள்ளியில் இரண்டாவதாக வந்திருக்கிறாள், உன் மூளை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து அறைக் குடும்பத்துக்குக் கடிதம் வந்து போன வாரம் புறப்பட்டுவிட்டார்கள். அவர்கள் பாயும் வாளியும் நமக்கு வந்தன. எங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும்தானே? படிவம் வந்துவிட்டதா?

நீ கேட்டது இத்தனை வருஷம் கழித்து யாருக்கு ஞாபகம் இருக்கும்? அப்போது நாங்கள் இருந்த நிலையில் கிழமை எது, தேதி எது.

அவனோடு பேசினாயா? வேண்டாம் என்றேனே.

தங்கை


ஜூன் 17

தங்கைக்கு,

படிவம் வந்துவிட்டது. அதைப் பற்றிப் பிறகு. முதலில் நடந்ததைக் கேள்.

போன மாதக் கடைசியில், கூடம் காலியான மத்தியானம், அவனை மேசைக்குக் கூப்பிட்டேன்.

"ஐயா, உங்களுக்கு ஆள் அமையாததுக்குக் காரணம் நான்தான். பூட்டுக்காரர்கிட்டச் சொன்னதும் நான்தான். நான் யார்னு தெரியுதா? உங்க கடைப் பக்கத்துத் தெரு வயர்மேன் பெண்டாட்டி."

அப்போதுதான் அவன் என் முகத்தைப் பார்த்தான். ஓடிவிடுவான் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டான்.

"எழுதினது நான்தாம்மா" என்றான். "தாளைக் கொடுத்து, பேர் இல்லாம வந்தா உன் பேரை நாங்க எழுதிக்குவோம்னு சொல்லிட்டுப் போனாங்க. உயிருக்குப் பயந்து எழுதினேன். உங்க முன்னாடி நல்லவன்னு சொல்லிக்க வரல."

"எத்தனையோ பேர் இருக்க, எங்க வீட்டுப் பேர் எப்படி வந்துச்சு உங்க கைக்கு?"

இரண்டு முறை கேட்டேன்.

"வேண்டாம்மா. நான்தான்னே வச்சுக்குங்க."

மேசையில் ஓங்கி அடித்தேன். அதற்குப் பிறகுதான் சொன்னான். "உங்க தங்கச்சி வந்தாங்க. கடைக் கதவைப் பாதி இறக்கியிருந்தேன், குனிஞ்சு உள்ள வந்தாங்க. இடுப்புல குழந்தை. 'ஒரு பேர் கொடுத்தா என் வீட்டுக்காரரை விட்டுடுவாங்களாம். எங்க அத்தான் பேரை எழுதுங்க'ன்னாங்க. 'யோசிச்சுத்தான் சொல்றியாம்மா'ன்னு கேட்டேன். 'எழுதுங்க'ன்னாங்க. எழுதி முத்திரை குத்தினேன். அது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை அவர் வீட்டுக்கு வந்துட்டார்."

அவனைப் பொய்யன் என்றேன், நாய் என்றேன். எழுந்து போகச் சொன்னேன். போனான். அப்புறம் கிழமைகளை விரல்விட்டு எண்ணினேன். புதன்கிழமை உன் வீட்டுக்காரர் வந்தார். அவர் வந்த சந்தோஷத்தில் உனக்குச் சமைத்துக் கொடுத்ததே நான்தான். என்னவர்தான் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தார். மறுநாள் அவர் இல்லை. இந்த இரண்டு நாளையும் பக்கத்தில் வைத்து நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, பார்த்தாயா?

அவன் பொய் சொல்கிறான் என்று எழுது. நம்புகிறேன். ஒரு வரி போதும்.

அக்கா


ஆகஸ்ட் 2

அக்கா,

உன் உடம்பு எப்படி என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

அவன் சொன்னது நிஜம்.

ஆறு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். நாலு நாளாகக் குழந்தை அப்பா அப்பா என்று அழுது தொண்டை கட்டிவிட்டது. ஒரு பெயர் கொண்டு வந்தால் இவரை விடுகிறோம் என்று அவரை அடைத்து வைத்த இடத்து வாசலில் நின்ற ஒருவன் சொன்னான். எனக்கு வேறு பெயர் வரவில்லை. அத்தான் ஒலிபெருக்கி கட்டியது ஊருக்கே தெரியும், அவரை விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை, அதுவும் பொய். நான் ஒன்றுமே நினைக்கவில்லை.

அன்றைக்கு அவர் பாத்திரத்தோடு வந்து நின்றபோது சொல்லியிருந்தால் எங்காவது தப்பி ஓடியிருப்பார். நான் சொல்லவில்லை. பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் சொன்னேன். அன்றிலிருந்து என்னோடு அளந்துதான் பேசுகிறார். உனக்கு எழுத வேண்டும் என்று துடித்தது அவர்தான். தாளைப் பிடுங்கியது நான். வாலுவுக்குத் தெரியாது.

மறுபடி அப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்வாய் என்று நீ கேட்டால், செய்ய மாட்டேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உனக்குப் பிள்ளை இல்லை அக்கா. அந்த அழுகையை நீ கேட்டதில்லை. இதை எழுதியிருக்கக் கூடாது. இனி கிழிக்கவும் தெம்பில்லை.

தங்கை


ஆகஸ்ட் 26

தங்கைக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. கல் மாதிரி இருக்கிறேன்.

சீல்காரனை நான் மன்னிக்கவில்லை. ஆனால் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை மறைப்பது உன் பழக்கம், எனக்கு வேண்டாம். பூட்டுக்காரரிடம் போய் முழுவதும் சொன்னேன், என் கூடப் பிறந்தவள் செய்தது உட்பட. "நீங்க சொன்னதை நம்பி அந்த மனுஷனை நாய் மாதிரி வெளிய நிறுத்திட்டேனே" என்று என் மேல் எரிந்து விழுந்தார். அவரும் இன்னும் இரண்டு பேரும் எழுதிக் கொடுத்தார்கள். விசாரணையில் ஒரு வருஷம் இருக்க அனுமதி கிடைத்திருக்கிறது. மேலதிகாரியிடம் நானே போய் ஒப்புக்கொண்டேன். மேசையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது உள்ளறையில் பழைய தாள்களை அடுக்குகிறேன். யாரையும் யாரோடும் சேர்க்கிற வேலை எனக்கு இனி இல்லை.

இதோடு உங்கள் படிவம் இருக்கிறது. வரவழைக்கப்படுகிறவர்கள் என்ற இடத்தில் மூன்று வரி இருந்தது. மூன்றாவது வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். கீழே என் கையெழுத்து இருக்கிறது. வீட்டில் மூன்று பேருக்கும் இடம் இருக்கிறது, அதற்காக அடிக்கவில்லை.

மேலே உள்ள இரண்டு வரியிலும் நான் பெயர் எழுதவில்லை. நீயே எழுது. பெயர் கொடுக்கத் தெரிந்தவள்தானே நீ.

அக்கா


செப்டம்பர் 30

அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும்.

எழுதிவிட்டேன். முதல் வரியில் வாலு, இரண்டாவதில் அவர். பேனாவை எடுத்த கையோடு எழுதிவிட்டேன், யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. அவர் சண்டை போட்டார், வர மாட்டேன் என்றார். பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாது என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். என் பேப்பர் தாமதமாகிறது, பின்னாலேயே வந்துவிடுவேன் என்று வாலுவிடம் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த மாதம் இருபதாம் தேதி வந்து இறங்குவார்கள். அவளுக்குப் பயணத்தில் தலை சுற்றும், வந்ததும் எதுவும் சாப்பிடக் கொடுக்காதே. அவருடைய மருந்து நீலப் பையில் இருக்கிறது. காரணத்தை மட்டும் அவளிடம் நீ சொல்லாதே. காலில் விழுந்து கேட்கிறேன்.

தங்கை


நவம்பர் 9

தங்கைக்கு,

இருவரும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். உன் வீட்டுக்காரர் வாசற்படியிலேயே என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். எழுப்பி உட்கார வைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுகிறார். பூட்டுக்காரரின் பழுது மேசைக்குப் போக ஆரம்பித்திருக்கிறார். அங்கே சீட்டு எழுதுவது யார் என்று உனக்குத் தெரியும். முதல் நாள் இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தார்களாம். இப்போது ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள்.

வாலு உன்னைவிட ஒரு விரற்கடை உயரமாகிவிட்டாள். எதிர்த்தெருத் தையல்கடை அம்மாவின் பேத்தியோடு சிநேகம், வாரத்துக்கு மூன்று நாள் இங்கே, மூன்று நாள் அங்கே. எனக்குப் பிள்ளை இல்லை என்று எழுதினாய். இப்போது தினமும் காலையில் ஒருத்திக்குத் தலை பின்னி விடுகிறேன்.

"பெரியம்மா, அம்மா பேப்பர் ஏன் வரல? நீங்க போய்க் கேட்டீங்களா?" என்று நேற்றும் கேட்டாள். "உங்க அம்மாவுக்கு எழுதிக் கேளு, அவளுக்குத்தான் தெரியும்" என்றேன். உன் காரணத்தை நான் சொல்ல மாட்டேன், பயப்படாதே. பொய்யும் சொல்ல மாட்டேன். அவள் கடிதம் இதன் பின்னாலேயே வரும். என்ன பதில் எழுதுவாயோ, அது உன் பாடு.

விசாரித்துப் பார்த்தேன். பதினெட்டு வயது முடிந்தவர்கள் தாயை வரவழைக்கக் கையெழுத்துப் போடலாமாம். அவளுக்கு அது ஆக இன்னும் ஒரு வருஷமும் எட்டு மாதமும் இருக்கிறது. எல்லாம் தெரிந்த பிறகும் அவள் போட்டால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். உன்னை அழைத்துவர ரயிலடிக்கும் வர மாட்டேன்.

குளிர் வருகிறது. முகாமில் போர்வை கொடுத்தால் இரண்டாகக் கேட்டு வாங்கிக்கொள். நீ நல்லபடியாக உயிரோடு இருந்து அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அக்கா